ருஷ்யாவா, மேனாடா?

கோயமுத்தூரில் மாலை வேளையில் நாலு பேர் திண்ணையில் உட்கார்ந்தால், பஞ்சு விலை, நூல் விலை, சிறுவாணித் தண்ணீர் ஆகியவற்றைப் பேசி முடித்த பிறகு, பேச்சு எப்படியும் தேச நிர்வாகத்தில் வந்து நிற்கும். ஒருவர் சொல்வார்: "ருஷ்யாவைப் பாருங்க. முப்பது வருஷத்தில் மரக் கலப்பையை விட்டு ஆகாயத்தில் ஏறிப் போய்விட்டான். அங்கே ஒரு தலைவன் சொன்னால் சொன்னதுதான். நமக்கும் அப்படி ஓர் ஆள் வேண்டுமுங்க." மற்றொருவர் விடமாட்டார்: "அட, போங்க! அமெரிக்காக்காரனும் இங்கிலீஷ்காரனும் யார் அதட்டலுக்குப் பயந்து முன்னுக்கு வந்தார்கள்?" இப்படியே வாதம் வளர்ந்து, காப்பி ஆறிப் போகும்.

இந்த வாதத்தில் நாமும் பல தடவை கலந்துகொண்டிருக்கிறோம். புத்தகங்களைப் புரட்டி வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது. ஆனால் நம் கொங்கு நாட்டுச் சரித்திரத்திலேயே இதற்கு விடை ஒன்று இருக்கிறது. பொள்ளாச்சிக்கு அருகே செங்குட்டைப்பாளையத்தில் 1910-ஆம் ஆண்டில் பிறந்த ஒருவர், ருஷ்யாவிடம் உருக்கு ஆலை பற்றியும், அமெரிக்காவிடம் கோதுமை பற்றியும் பேச வேண்டிய பொறுப்பை அடுத்தடுத்து ஏற்றார். அவர்தாம் ஸ்ரீ சி. சுப்பிரமணியம், நம் ஜில்லாவில் எல்லோருக்கும் "ஸி.எஸ்." அவர் பெற்றது என்ன, அவருக்கு நேர்ந்தது என்ன என்று பார்த்தால் திண்ணை வாதத்துக்கு ஓரளவு தெளிவு பிறக்கும்.

மூன்று நதிகள்

முதலில் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். 1932-ஆம் ஆண்டில் நீலகிரியில் பைக்காரா நதியின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கும் வேலை பலன் தந்தது. மலையிலிருந்து இறங்கிய அந்தச் சக்தி கோயமுத்தூரை வந்தடைந்தது. 1888-ல் ஸ்டேன்ஸ் துரை தொடங்கிய ஆலையைப் பின்பற்றி ஆமை வேகத்தில் வளர்ந்த நூற்பாலைத் தொழில், அதன் பிறகு குதிரை வேகம் எடுத்தது. காளை கட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் மின்சாரப் பம்புகள் ஓடத் தொடங்கின. இன்று நம் ஊர் மோட்டாருக்கும் பம்புக்கும் பேர் பெற்றிருப்பதற்கு மூலகாரணம் அந்த அருவியே.

அதே 1932-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஸோவியத் ருஷ்யாவில் நீப்பர் நதியின் பேரணை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவில் டென்னஸி நதிப் பள்ளத்தாக்கை வளம்பெறச் செய்வதற்கென்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு தனி ஸ்தாபனத்தைச் சட்டத்தின் மூலம் ஏற்படுத்தினார். ஆக, பதினெட்டு மாதங்களுக்குள் மூன்று கண்டங்களில் மூன்று அரசாங்கங்கள் நதியை மின்சாரமாக மாற்றும் வேலையில் இறங்கியிருந்தன. ருஷ்யாவில் பொதுவுடைமைக் கட்சி. அமெரிக்காவில் ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஜனாதிபதி. நம் சென்னை மாகாணத்திலோ வெள்ளைக்கார சர்க்கார்.

ஒரு வேடிக்கையையும் கவனிக்க வேண்டும். நீப்பர் அணைக்கு ஆலோசனை சொன்ன தலைமை எஞ்சினீயர் ஹியூ கூப்பர் என்ற அமெரிக்கர். அங்கே நிறுவப்பட்ட பெரிய மின்சார இயந்திரங்களும் அமெரிக்காவிலிருந்தே வந்தன. எனவே, அணை கட்டும் வித்தை ருஷ்ய ஆட்சி முறைக்கே உரியது என்று சொல்ல வழியில்லை. பணமும் மனமும் இருந்தால் எந்த அரசாங்கமும் அணை கட்டலாம். அந்தப் பணம் யாருடைய பானையிலிருந்து எடுக்கப்பட்டது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

பானையும் பசியும்

ஜார் சக்கரவர்த்தி வீழ்ந்தபோது நம் பாரதியார் அதை யுகப்புரட்சியாகக் கண்டு வரவேற்றார். அந்த மகிழ்ச்சியில் குற்றம் சொல்ல ஏதுமில்லை. கொடுங்கோன்மை ஒழிந்தது என்றால் யார்தான் மகிழ மாட்டார்கள்? ஆனால் பாரதியார் 1921-லேயே மறைந்துவிட்டார். பிறகு நடந்ததை அவர் காணவில்லை.

1928-ல் ஸ்டாலின் முதலாவது ஐந்தாண்டுத் திட்டத்தைத் தொடங்கினார். இயந்திரங்கள் வாங்க அன்னிய நாணயம் வேண்டும். அன்னிய நாணயத்துக்குத் தானியத்தை ஏற்றுமதி செய்ய வேண்டும். தானியத்துக்குக் குடியானவனை நெருக்க வேண்டும். நிலங்கள் கூட்டுப் பண்ணைகளாயின. எதிர்த்தவர்கள் வீடு வாசலை இழந்து வடக்கே பனிப் பிரதேசங்களுக்குத் துரத்தப்பட்டனர். நீப்பர் அணை திறக்கப்பட்ட அந்த 1932, 1933-ஆம் ஆண்டுகளில், அந்நதி பாயும் உக்ரேன் நாட்டிலும், கஸாக் பிரதேசத்திலும், மற்ற இடங்களிலுமாக ஐம்பது லட்சம் பேருக்கு மேல் பட்டினியால் மாண்டார்கள். அப்போதும் தானிய ஏற்றுமதி அடியோடு நிற்கவில்லை. பஞ்சம் என்ற வார்த்தையைப் பத்திரிகைகள் அச்சிடவில்லை.

இதைக் கேட்டு மேனாட்டின் பக்தர்கள் துள்ளிக் குதிக்க வேண்டாம். தங்கள் தேசத்தில் பார்லிமெண்டும், தேர்தலும், சுதந்திரப் பத்திரிகைகளும் வைத்திருந்த ஆங்கிலேயர்களின் ஆட்சியில்தான், 1943-ஆம் வருஷத்தில் வங்காளத்தில் இருபது முதல் முப்பது லட்சம் ஜனங்கள் சோறின்றிச் செத்தார்கள். லண்டன் மந்திரிகளை வங்காளத்துக் குடியானவன் தேர்ந்தெடுக்கவும் இல்லை. வீட்டுக்கு அனுப்பவும் அவனால் முடியாது. ஆகையால் அவனுடைய பசி லண்டனில் யார் பதவியையும் அசைக்கவில்லை.

உக்ரேனும் வங்காளமும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன. ஆளுகிறவனுடைய கொடியின் நிறம் எதுவாயினும், பசித்தவன் கையில் அவனை இறக்கும் சக்தி இல்லாத இடத்தில் பசிக்கு மருந்தில்லை.

உருக்கு வந்த கதை

இனி, நம் ஸி.எஸ். அவர்களிடம் வருவோம். கோயமுத்தூரில் வக்கீலாக இருந்து, காங்கிரஸில் சேர்ந்து சிறை சென்று, அரசியல் நிர்ணய சபையில் அங்கம் வகித்து, 1952 முதல் பத்தாண்டுகள் ராஜாஜி, காமராஜ் மந்திரிசபைகளில் நிதியையும் கல்வியையும் கவனித்தவர் அவர். 1962-ல் டில்லி சென்று உருக்கு மந்திரியானார்.

அப்போது நம் தேசத்தில் மூன்று உருக்கு ஆலைகள் உலகத்துக்கே ஒரு பரீட்சை போல நின்றன. பிலாய் ருஷ்யர்களின் உதவியாலும், ரூர்கேலா ஜெர்மானியர்களின் உதவியாலும், துர்காபூர் ஆங்கிலேயர்களின் உதவியாலும் எழுந்தவை. ஒவ்வொன்றும் ஆரம்பத்தில் வருஷத்துக்குப் பத்து லட்சம் டன் உற்பத்திக்கென அமைக்கப்பட்டது. பிலாய்க்கு ஸோவியத் சர்க்கார் கொடுத்த கடனுக்கு வட்டி நூற்றுக்கு இரண்டரை. பன்னிரண்டு வருஷத் தவணை. அதையும் ரூபாயிலேயே கட்டலாம். அன்னிய நாணயத்துக்குத் தவித்த ஏழை தேசத்துக்கு இது பெரிய சகாயம் என்பதில் ஐயமில்லை. நம் நெய்வேலியிலும் பழுப்பு நிலக்கரியை வெட்டும் இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்தும், மின்சார நிலையத்துக்கான உதவி ருஷ்யாவிலிருந்தும் வந்தன.

நான்காவது ஆலையைப் பொகாரோவில் நிறுவ அமெரிக்காவின் உதவி நாடப்பட்டது. ஜனாதிபதி கென்னடிக்குச் சம்மதமே. ஆனால் அமெரிக்கக் காங்கிரஸில், "சர்க்கார் நடத்தும் ஆலைக்கு நம் வரிப்பணமா?" என்று பலத்த எதிர்ப்புக் கிளம்பியது. 1963-ல் இந்தியா தன் வேண்டுகோளைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டது. பிறகு ருஷ்யா முன்வந்து, 1965 ஜனவரியில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1972-ல் பொகாரோவின் முதல் ஊதுலையில் தீ மூட்டப்பட்டது.

இவ்விடத்தில் திண்ணை நண்பர், "பார்த்தீர்களா? ருஷ்யா கொடுத்தது, அமெரிக்கா கையை விரித்தது" என்பார். உண்மைதான். இருந்தாலும் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே 1963-ல் மழை பொய்த்து விளைச்சல் குறைந்தபோது, உலகுக்கு உருக்கு ஆலை கட்டிக் கொடுத்த ருஷ்யா, கானடாவிடமும் அமெரிக்காவிடமும் கோதுமை விலைக்கு வாங்கிற்று. இரும்பைத் தலைவனின் உத்தரவினால் உருக்கலாம். கதிரை அவ்விதம் விளைவிக்க முடியவில்லை.

விதை வந்த கதை

ஏன் முடியவில்லை என்பதற்கு ஒரு மனிதரின் கதை போதும். நிக்கொலாய் வாவிலவ் என்ற ருஷ்ய விஞ்ஞானி உலகம் முழுவதும் சுற்றி, தானியங்களின் விதைகளைச் சேகரித்து லெனின்கிராடில் ஒரு பெரிய விதைக் களஞ்சியம் கண்டார். ஆனால் லைஸென்கோ என்பவர், பரம்பரைக் குணத்தைப் பற்றிய விஞ்ஞானமே பொய்யென்றும் தம் முறையில் விளைச்சல் விரைவில் பெருகுமென்றும் ஸ்டாலினை நம்பச் செய்தார். மறுத்துப் பேசிய வாவிலவ் 1940-ல் கைது செய்யப்பட்டார். பயிர் வளர்ப்பில் உலகப் புகழ் பெற்ற அந்த மேதை 1943 ஜனவரியில் ஸாரடோவ் சிறைச்சாலையில் உடல் நலிந்து மாண்டார். இதைவிடக் கொடிய முரண் வேறு உண்டா?

நம் கோயமுத்தூரிலும் அந்த விஞ்ஞானம்தான் நடந்தது. 1912-ல் இங்கே நிறுவப்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பார்பர் துரையும், அவருக்குப் பின் ஸர் டி.எஸ். வெங்கட்ராமனும் நல்ல கரும்பையும் காட்டில் தானே வளரும் புல்லினக் கரும்பையும் கலந்து புது ரகங்களை உண்டாக்கினார்கள். "கோ" என்ற நம் ஊரின் பெயரைத் தாங்கிய அக்கரும்புகள் வட இந்தியா முழுவதும் பரவின. அவர்களைச் சிறைக்கு அனுப்ப யாரும் நினைக்கவில்லை.

1964-ல் ஸி.எஸ். உணவு மந்திரியானபோது தேசம் அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை எதிர்பார்த்து உயிர் வாழ்ந்துகொண்டிருந்தது. அடுத்த இரண்டு வருஷங்களும் மழை கைவிட்டது. கைநீட்டி வாங்குகிறவனுக்கு மானம் ஏது? வியட்நாம் யுத்தத்தைப் பற்றி இந்தியா பேசிய பேச்சு ஜனாதிபதி ஜான்ஸனுக்குக் கசந்தது; தானியத்தை மொத்தமாக அனுப்பாமல், கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்து விட்டார். சுதந்திரம் பெற்ற தேசத்தின் அடுப்பு வாஷிங்டனின் கோபதாபத்தை நம்பி எரிந்தது.

இந்த அவமானத்துக்கு முடிவு கட்ட வேண்டும் என்று ஸி.எஸ். தீர்மானித்தார். 1965 நவம்பரில் ரோமாபுரியில் அமெரிக்க விவசாய மந்திரி ஆர்வில் ஃப்ரீமனுடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். குட்டையாக வளர்ந்து நிறைய விளையும் கோதுமை ரகங்களை மெக்ஸிகோவிலிருந்து தருவித்தார். 1966-ல் அப்படி வந்த விதை 18,000 டன். நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி செலவைக் காட்டி எதிர்த்தார். இடதுசாரிகள் அமெரிக்காவுக்கு அடிமையாகிறோம் என்று முழங்கினார்கள். பொருளாதார நிபுணர்களில் பலர் கையைப் பிசைந்தார்கள். ஸி.எஸ். எவரையும் அதட்டவில்லை. மந்திரிசபையிலும் பார்லிமெண்டிலும் பதில் சொன்னார். டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன் போன்ற விஞ்ஞானிகளை முன்னே நிறுத்தினார். டில்லியில் தம் பங்களாவின் புல்வெளியையே உழுது அப்புதுக் கோதுமையை விதைத்தார். குடியானவக் குடும்பத்துப் பிள்ளை அல்லவா!

1964-65-ல் 123 லட்சம் டன்னாக இருந்த தேசத்தின் கோதுமை விளைச்சல், 1967-68-ல் 165 லட்சம் டன்னாகவும், 1970-71-ல் 238 லட்சம் டன்னாகவும் உயர்ந்தது. இதனால் நிலத்தடி நீர் வற்றியதும், உரமும் மருந்தும் மிதமிஞ்சியதும் பிற்காலத்தில் தெரிந்த குறைகள். அவற்றையும் இன்று நாம் பத்திரிகைகளில் தாராளமாக எழுதித்தான் வருகிறோம்.

பொள்ளாச்சியும் நோவொசெர்காஸ்கும்

இத்தனை நன்மை செய்த மந்திரியை அவருடைய சொந்தச் சீமை எப்படிக் கௌரவித்தது? 1967 பொதுத் தேர்தலில் கோபிசெட்டிபாளையம் தொகுதியில் அவரைத் தோற்கடித்தது!

காரணம் இல்லாமல் இல்லை. 1965 ஆரம்பத்தில் ஹிந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்துத் தமிழ்நாடு கொந்தளித்தது. மத்திய மந்திரிகளான ஸி.எஸ்ஸும் ஸ்ரீ ஓ.வி. அளகேசனும் பிப்ரவரி 11-ஆம் தேதி ராஜிநாமாக் கடிதம் கொடுத்தார்கள். அன்றிரவே பிரதம மந்திரி லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசி, ஆங்கிலம் நீடிக்கும் என்று உறுதி கூறினார். ராஜிநாமாக்கள் பின்னர் திரும்பப் பெறப்பட்டன. ஆனால் மறுநாளே ஸி.எஸ்ஸின் சொந்தப் பொள்ளாச்சியில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்து உயிர்கள் பறிபோயின. அதன்மேல் அரிசிப் பஞ்சமும் சேர்ந்துகொண்டது. ஜனங்கள் எதையும் மறக்கவில்லை. வாக்குச் சாவடி திறக்கும் நாளுக்குக் காத்திருந்தார்கள். கோபியில் ஸி.எஸ். தோற்றார், விருதுநகரில் காமராஜரே தோற்றார், சென்னையில் ஆட்சி மாறிற்று.

இதற்கு மூன்று வருஷங்களுக்கு முன்பாக, 1962 ஜூனில் ருஷ்யாவின் தெற்கே நோவொசெர்காஸ்க் என்ற ஊரில் நடந்ததை இத்துடன் ஒப்பிட வேண்டும். மாமிசம், வெண்ணெய் விலையைச் சர்க்கார் உயர்த்தியது. ரயில் இஞ்சின் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி ஊர்வலம் வந்தார்கள். படைகள் சுட்டன, இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். சடலங்கள் உறவினர்களிடம் கொடுக்கப்படாமல் வெவ்வேறு இடங்களில் இரகசியமாகப் புதைக்கப்பட்டன. ஊர்வலத்தில் முன்னின்றவர்களில் எழுவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 1980-களின் இறுதி வரையில் இச்செய்தியை அந்நாட்டுப் பத்திரிகை எதுவும் வெளியிட முடியவில்லை. 1964 அக்டோபரில் குருஷ்சேவ் பதவி இழந்தார். ஆனால் அவரை இறக்கியவர்கள் மூடிய அறைக்குள் கூடிய அவருடைய சகாக்கள். நோவொசெர்காஸ்க் தொழிலாளிக்கு அதில் பங்கு ஏதுமில்லை.

பொள்ளாச்சியில் சுட்டதும் நோவொசெர்காஸ்கில் சுட்டதும் இரண்டுமே பாபந்தான். நம்முடைய சர்க்கார் சுட்டது என்பதற்காக அது புண்ணியமாகிவிடாது. ஆனால் பொள்ளாச்சிக்காரர்கள் இரண்டே வருஷத்தில் தங்கள் பதிலைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டார்கள். நோவொசெர்காஸ்க் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகள் புதைக்கப்பட்ட இடத்தை அறியவே முப்பது வருஷம் காத்திருந்தார்கள்.

கோபியின் தீர்ப்பு நியாயமானதா? உருக்கையும் விதையையும் நினைத்தால் நன்றிகெட்ட செயலாகவே தோன்றும். கோதுமைப் புரட்சியைக் கொண்டாடி 1968-ல் சர்க்கார் தபால் தலை வெளியிட்டபோது, அதற்குக் காரணமான மந்திரி பதவியில் இல்லை. ஆனாலும் அவர் தொடங்கிய வேலை நிற்கவில்லை. பின்வந்த ஸ்ரீ ஜகஜீவன் ராம் அதைத் தொடர்ந்து நடத்தினார். தோற்ற ஸி.எஸ்ஸை ஸைபீரியாவுக்கு அனுப்பவில்லை. 1971-ல் அவர் மீண்டும் மத்திய மந்திரியானார்; பிற்பாடு நிதி மந்திரியும் ஆனார்; 1998-ல் பாரத ரத்தினமாகி, 2000-ஆவது ஆண்டில் நிறைவாழ்வு வாழ்ந்து மறைந்தார்.

நம் பங்கு

நாமே அந்தப் பாதையில் வழுக்கியதும் உண்டு. 1975-ல் நெருக்கடி நிலை பிரகடனமாகி, தலைவர்கள் சிறைப்பட்டு, பத்திரிகைகளின் வாய் கட்டப்பட்டது. அந்த மந்திரிசபையில் நம் ஸி.எஸ்ஸும் இருந்தார் என்பதை மறைப்பதற்கில்லை. ரயில் நேரத்துக்கு வருகிறது என்று அப்போதும் திண்ணையில் மெச்சிக்கொண்டவர்கள் இருந்தார்கள். 1977-ல் ஜனங்கள் வாக்களித்து அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள்.

ஸோவியத் ராஜ்யம் 1991-ல் மறைந்தது. கூட்டுப் பண்ணைகள் போன பிறகு, ஒரு காலத்தில் கோதுமைக்குக் கையேந்திய ருஷ்யா உலகிலேயே அதிகக் கோதுமை ஏற்றுமதி செய்யும் நாடுகளில் முன்னணிக்கு வந்துவிட்டது. ஆனால் தலைமை விஷயத்தில் பழைய வழக்கம் மாறவில்லை. 2000-ஆவது ஆண்டு முதல் அதிகாரத்தின் கடிவாளம் ஸ்ரீ புடின் ஒருவர் கையிலேயே இருந்து வருகிறது. அவர் 2036 வரையிலும் பதவியில் தொடர 2020-ல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. அவரை எதிர்த்த நவால்னி 2024 பிப்ரவரியில் வட துருவப் பிரதேசச் சிறையில் மாண்டார். இங்கிலாந்திலோ 2022 என்ற ஒரே வருஷத்தில் மூன்று பிரதம மந்திரிகளைக் கண்டார்கள். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருந்திருக்கலாம். ஆனால் அதற்காக எவரும் சிறைக்குப் போகவில்லை, எவரும் சாகவுமில்லை.

திண்ணை நண்பர்களே! உருக்கு வேண்டுமானால் கடனுக்கு வாங்கலாம்; பிலாயும் பொகாரோவும் அதற்குச் சாட்சி. விதை வேண்டுமானால் கப்பலில் தருவிக்கலாம். பஞ்சாபின் வயல்கள் அதற்குச் சாட்சி. பிடிக்காத மந்திரியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் பயமின்றிக் கடைத்தெருவுக்குப் போய்வரும் உரிமையை எந்தத் தேசமும் நமக்குக் கடன் கொடுக்காது. அதை நம் பெரியவர்கள் சிறை சென்று சம்பாதித்துக் கொடுத்தார்கள். "கேட்பாரில்லாத தலைவன் வேண்டும்" என்று சொல்லும் முன்பு, 1967-ல் கோபியில் வரிசையில் நின்ற நம் பாட்டன் பாட்டிகளைச் சற்று நினைத்துப் பார்க்கும்படி வேண்டுகிறோம். அவர்கள் அன்று எடுத்த முடிவில் தவறு இருந்திருக்கலாம். ஆனால் முடிவு அவர்களுடையதாக இருந்தது.